"வயதானால் அப்படித்தான்" என்று சொல்லுமுன்: முதுமையில் மனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியவர்களோடும், அவர்களை அழைத்துவரும் பிள்ளைகளோடும் பேசுவதுதான் என் வேலை. பேச்சு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்." அந்த வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. காது மந்தம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மனச்சோர்வு ஒளிந்துகொள்கிறது. சில நாள் மருந்தில் சரியாகக்கூடிய சிறுநீர்த் தொற்றுகூட ஒளிந்துகொள்கிறது. எது வயதின் இயல்பு, எது இயல்பில்லை என்று பிரித்துப் பார்க்க, என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வயது ஏற ஏற அறிவு மங்கிவிடுமா?

எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார். வயது 78. கைப்பேசியில் பணம் வந்துவிட்டதா என்று பார்க்கப் பேரனைக் கூப்பிடுவார். அதே மனிதர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி துவரம்பருப்பை அள்ளுவார், உள்ளங்கையில் உருட்டுவார், ஒன்றை எடுத்துக் கடிப்பார். "இது போன வருடத்துச் சரக்கு, திருப்பி எடுத்துப் போ" என்று லாரிக்காரரிடம் சொல்லிவிடுவார். இவருடைய அறிவு மங்கிவிட்டதா, இல்லையா?

உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் 1940களிலேயே அறிவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். முன்பின் பார்த்திராத சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறன் ஒன்று. வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த சொல்வளமும் தொழிலறிவும் மற்றொன்று. முன்னது இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு மெல்ல இறங்குகிறது. பின்னது அறுபதைத் தாண்டியும் நிலைத்து நிற்கிறது.

அமெரிக்காவின் சியாட்டிலில் வார்னர் ஷாயி 1956இல் தொடங்கிய ஆய்வு இன்னொரு தெளிவைத் தந்தது. வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே நேரத்தில் சோதித்து ஒப்பிட்டால் முதியவர்கள் மிகவும் பின்தங்கியவர்களாகத் தெரிந்தார்கள். ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் திரும்ப அழைத்து, அவரவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது, அறுபது வயதுக்கு முன் பெரிய சரிவு அரிதாகவே இருந்தது. முன்பு தெரிந்த இடைவெளியில் பெரும்பங்கு, தலைமுறைகளுக்குக் கிடைத்த படிப்பிலும் வாழ்க்கை வசதியிலும் இருந்த இடைவெளிதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பாட்டியைப் பொறியியல் படிக்கும் பேத்தியோடு ஒப்பிட்டு, "பாட்டிக்கு மூளை மழுங்கிவிட்டது" என்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்.

வேகம் குறைவது மட்டும் உண்மை. கேட்டதை வாங்கிக்கொண்டு பதிலை எடுத்துத் தரக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தைக் கொடுத்தால் பதில் வரும். நாம்தான் கொடுப்பதில்லை.

அப்பாவுக்குப் பெயர்கள் வரமாட்டேன் என்கின்றன. மறதி நோயின் தொடக்கமா?

"நம் வீட்டுக்குக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தாரே, கண்ணாடி போட்டவர், மின்வாரியத்தில் வேலை..." என்று எல்லாமே வரும், பெயர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கும். வயதின் இயல்பான மாற்றங்களில் இது ஒன்று. இளைஞர்களுக்கும் நடப்பதுதான், வயதோடு கூடுகிறது.

பெயர் மட்டும் ஏன் நழுவுகிறது? ஒருவரைக் கொத்தனார் என்று அறிமுகப்படுத்தினால் சாந்துச் சட்டியும் கரண்டியும் சாரமும் மனதில் வந்துவிடும். முருகேசன் என்று அறிமுகப்படுத்தினால் அந்தப் பெயர் தொற்றிக்கொள்ள மனதில் ஓர் ஆணிகூட இல்லை. அதனால்தான் தொழில் நினைவில் நிற்கிறது, பெயர் உதிர்ந்துவிடுகிறது. குளித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெயர் தானாக வந்துவிட்டதென்றால் அது மூளையைவிட்டுப் போகவில்லை, எடுக்கத்தான் தாமதமானது என்று பொருள்.

அப்படியென்றால் எப்போது கவலைப்பட வேண்டும்?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பதைவிட, சாவி எதற்கு என்று புரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது கவலைக்குரியது. சொன்ன செய்தியைப் பத்து நிமிடத்தில் முதன்முறை கேட்பதுபோல் மறுபடி கேட்பது, நாற்பது வருடமாக நடந்த தெருவில் வழி தவறுவது, ஆயிரம் முறை வைத்த ரசத்தில் புளி கரைப்பதா தாளிப்பதா எது முதலில் என்று திகைத்து நிற்பது, பென்ஷன் பணத்தை எண்ண முடியாமல் போவது, சாதுவானவர் திடீரென்று தகாத வார்த்தை பேசுவது: இவற்றில் ஏதாவது ஒன்று சில மாதங்களாகத் தொடர்ந்தால், அன்றாட வேலையை அது கெடுத்தால், மருத்துவரைப் பாருங்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று தேசிய அளவிலான முதுமை ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2023இல் மதிப்பிட்டார்கள். எண்ணிக்கை பெரியது. ஆனால் நூறு முதியவர்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இல்லை என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது.

மறதி நோய் போலவே தோன்றி, சிகிச்சையில் திரும்பக்கூடிய குறைகளும் உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. "மறதி நோய்க்குத்தான் மருந்தே இல்லையே, எதற்கு அலைய வேண்டும்" என்று வீட்டிலேயே வைத்திருப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, அந்த இரத்தப் பரிசோதனையையாவது செய்துவிடுங்கள் என்பதுதான்.

மாமியார் நான் நகையைத் திருடிவிட்டதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

மறதி நோயில் இது மிகவும் சாதாரணம். மருமகள்களை இதுபோல் நொறுக்கும் விஷயம் வேறொன்றும் இல்லை. அவர் நகையைப் பத்திரமாக ஒளித்துவைத்திருப்பார், ஒளித்தது மறந்துபோயிருக்கும், வைத்த இடத்தில் நகை இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய மனம் கட்டக்கூடிய ஒரே கதை. அந்தக் கதைக்குள் முதலில் வருபவர் எப்போதும் பக்கத்தில் இருப்பவர். நீங்கள்தான் அவரை அதிகம் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி.

வாதாடாதீர்கள். "வாருங்கள் அத்தை, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லித் தலையணை உறைக்குள், அரிசிப் பானைக்குள், பழைய புடவை மடிப்புக்குள் தேடுங்கள். ஒளிக்கும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. கணவரும் நாத்தனாரும் இதை நோய் என்று புரிந்துகொண்டு, உங்கள் பக்கம் வெளிப்படையாக நிற்க வேண்டும். இதை நான் அவர்களுக்கே எழுதுகிறேன்.

நேற்றுவரை தெளிவாக இருந்த அம்மா, இன்று சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ நிற்கிறார்கள் என்கிறார். மனநோயா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல வருவது. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் வந்த குழப்பம் வேறு. அதை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். காலையில் தெளிவு, மாலையில் உளறல் என்று ஏறி இறங்கும். சிலர் கூச்சலிடுவார்கள், சிலர் அசைவின்றி மயக்கமாகவே கிடப்பார்கள், "அம்மா நன்றாகத் தூங்குகிறார்" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்து இழப்பு, பல நாள் மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, உப்பையும் அறவே ஒதுக்கியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் சரிந்து இப்படி ஆவதுண்டு. முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம்; குழப்பம் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். மந்திரித்துக் கயிறு கட்டி மூன்று நாள் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்த குடும்பங்களை அறிவேன். கயிறு கட்டுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அப்பா யாரோடும் பேசுவதில்லை, விசேஷங்களுக்கும் வருவதில்லை. முதுமையில் மனம் ஒதுங்கிவிடுமா?

இந்தக் கேள்விக்கு என் வீட்டிலிருந்தே பதில் சொல்கிறேன். என் அப்பா காலை ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாளிதழை உரக்கப் படிப்பவர். 71 வயதில் அது நின்றது. கோயிலுக்குப் போவது நின்றது. வீட்டில் பேச்சும் சுருங்கியது. இதே வேலையில் இருக்கும் நானே, வயதாகிவிட்டது, ஆன்மிகம் பக்கம் மனம் போகிறது என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவராகவே சொன்னார். ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி இரைச்சலுக்கு நடுவே, பழைய நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து ஏதோ சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். நண்பர் சொன்னது, தன் மனைவி போன மாதம் இறந்துபோனதை. "அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதற்கப்புறம் எந்த முகத்தோடு நாலு பேர் நடுவில் போய் நிற்பது?" என்றார் அப்பா.

முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். உயிரெழுத்தின் ஓசை கேட்கும், மெய்யெழுத்தின் கூர்மை கேட்காது. 'கடை' என்றாலும் 'தடை' என்றாலும் ஒன்றுபோல் விழும். அதனால் கத்துவதில் பயனில்லை. எதிரில் வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேச வேண்டும். கேட்கும் திறனைச் சோதித்து, தேவையென்றால் கருவி பொருத்த வேண்டும். பொருத்திய முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம் இடியாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான் பலர் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும். இது பேச்சுத் துணையோடு நிற்கும் விஷயமும் இல்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. கேட்கும் திறன் குறைவது அந்தப் பட்டியலில் ஒன்று.

அப்பா மறுபடி டீக்கடைக்குப் போனார். இப்போது நாளிதழைப் படிப்பது வேறொருவர்; அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதியவர்கள் பொதுவாகவே சோகமானவர்களா?

இல்லை. உடல்நலம் ஓரளவு இருக்கிற முதியவர்கள், அன்றாட உணர்வுகளில் இளைஞர்களைவிட நிதானமாகவும் நிறைவாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் இதற்குக் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். மீதமிருக்கும் காலம் நீளமாகத் தெரியும்போது மனிதன் புதிய ஆட்களையும் புதிய தகவல்களையும் தேடுகிறான். காலம் குறுகித் தெரியும்போது நெருக்கமானவர்களிடம் திரும்புகிறான். நட்பு வட்டம் சுருங்குவது பெரும்பாலும் அவர்களே செய்யும் தேர்வு. இதற்கு முதுமைகூடத் தேவையில்லை. 1997இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட இருந்த மாதங்களில், அங்கே இருந்த இளைஞர்களும் முதியவர்களைப் போலவே பழகிய நெருக்கமான மனிதர்களோடு நேரம் கழிப்பதையே விரும்பினார்கள். கைமாற்றம் நடந்து முடிந்து ஒரு வருடம் ஆனதும் அந்த நாட்டம் போய்விட்டது.

ஆகவே அறுபதாம் கல்யாணத்துக்கு ஐந்நூறு பேரைக் கூட்டிவிட்டு, "அப்பா ஏன் உற்சாகமாக இல்லை" என்று கேட்காதீர்கள்.

ஒரே கதையை நூறு முறை சொல்கிறாரே?

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன இரவை, அன்று பதினைந்து வயதாக இருந்த ஒருவர் இன்றும் காற்றின் சத்தத்தோடு சொல்வார். பத்து வயது முதல் முப்பது வயதுவரை நடந்தவை மனதில் ஆழமாகப் பதிந்திருப்பதை நினைவாற்றல் ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. முதல் வேலை, முதல் ஊர்மாற்றம், திருமணம், பெரும் இழப்பு எல்லாம் நடக்கும் வயது அது.

பழையதைப் பேசுவதை ஒரு காலத்தில் மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகவே பார்த்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் இதை மறுத்து எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்துக் கணக்கை நேர்செய்யும் வேலை அது, மனத்துக்கு அவசியமான வேலை என்றார். கதை திரும்ப வருகிறது என்றால் அதில் ஏதோ ஒன்று இன்னும் தீரவில்லை என்றும் இருக்கலாம். "இதை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள்" என்று வெட்டாமல் கதைக்குள் புதிதாக ஒன்றைக் கேளுங்கள்: "அன்றைக்கு ராத்திரி பாட்டி எங்கே இருந்தார்?" இதுவரை வராத ஒரு பகுதி வெளியே வரும்.

உட்காரவைத்து ராணிபோல் பார்த்துக்கொள்கிறோம். அம்மா ஏன் வாடிப்போகிறார்?

உட்காரவைத்ததனால்தான். கை வெட்டிக்கொள்ளும் என்று அரிவாள்மணையை ஒளித்துவைத்தாயிற்று. வழுக்கும் என்று கிணற்றடி வேண்டாம் என்றாயிற்று. எந்தப் புடவை கட்டுவது, என்ன சாப்பிடுவது, தொலைக்காட்சியில் எந்த அலைவரிசை, எல்லாமே மற்றவர்கள் முடிவு. மிச்சம் என்ன இருக்கிறது?

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு சிறு சோதனை நடத்தினார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் நேரத்தையும் அறையையும் நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லி, விரும்பிய செடி ஒன்றை எடுத்து வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தில், எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள்; செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஊழியர்களே. மூன்று வாரத்தில் முதல் தளத்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் உற்சாகத்தோடும் இருந்தார்கள்.

எதை எப்படி விட்டுக்கொடுப்பது என்பதற்கு பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் நல்ல உதாரணம். எண்பது வயதிலும் மேடையில் எப்படிச் சமாளிக்கிறார் என்பதை உளவியலாளர் பால் பால்டஸ் எடுத்துக்காட்டினார்: குறைவான பாடல்களைத் தேர்ந்தெடுத்தார், அவற்றையே கூடுதலாகப் பயின்றார், வேகமான பகுதிக்கு முன் சற்று மெதுவாக வாசித்தார், அதனால் அடுத்து வந்தது வேகமாகவே கேட்டது. வீட்டில் இதையே செய்யலாம். முழுச் சமையல் முடியாதென்றால் தாளிப்பு மட்டும் அம்மாவுடையதாக இருக்கட்டும். நின்று நறுக்க முடியாதென்றால் மேசையில் உட்கார்ந்து கீரை ஆயட்டும். அந்த ஒரு வேலையை, அவசரமாக இருக்கிறது என்று பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

அப்பா இறந்து நான்கு மாதமாகிறது. அவர் கூப்பிடும் குரல் கேட்கிறது என்கிறார் அம்மா. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்த துணையின் இருப்பை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் குரலைக் கேட்டார்கள். பெரும்பாலானோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார், மாலை நான்கு மணிக்கு இரண்டு டம்ளர் காபி ஆற்றுவார். ஒன்றைச் சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் வைப்பார். தன் காபியைக் குடித்து முடித்தபின் அந்த டம்ளரையும் எடுத்துக் குடித்துவிடுவார். மகன் அவரைச் சிகிச்சைக்கு அழைத்துவந்தார். தூங்குகிறாரா? தூங்குகிறார். சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார். கோயிலுக்கு, கடைக்குப் போகிறாரா? போகிறார். அப்பா இறந்தது தெரியுமா? "தெரியாமல் என்ன, நான்தானே வாய்க்கரிசி போட்டேன்" என்றார். காபியை நிறுத்தச் சொல்லவில்லை நான்.

உணவும் உறக்கமும் குலைந்தால், வருடம் திரும்பியும் துயரம் முதல் நாள் போலவே அழுத்தினால், தானும் போய்ச் சேர வேண்டும் என்ற பேச்சு வந்தால் உதவி தேவை.

"எமன் என்னை மட்டும் மறந்துவிட்டான்" என்று அடிக்கடி சொல்கிறார். வழக்கமான புலம்பல்தானா?

சில நேரம் ஆம். நிறைவாக வாழ்ந்து, பேரன் கல்யாணத்தையும் பார்த்துவிட்டு, போகத் தயார் என்று அமைதியாகச் சொல்பவர் உண்டு. "உங்களுக்கெல்லாம் பாரமாக இருக்கிறேன்" என்ற சொல்லோடு சேர்ந்து வந்தால் அது வேறு. முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட உடம்பு வழியாகவே அதிகம் பேசுகிறது: வயிறு எரிகிறது, உடம்பெல்லாம் வலி, வாய் கசக்கிறது, எதிலும் ருசியில்லை. பரிசோதனை எல்லாம் சரியாக வரும்; "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். முதியோர் மனச்சோர்வைக் கண்டறிய ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட எளிய படிவம் இருக்கிறது. சில நிமிடங்கள் போதும். சிகிச்சையில் முதியவர்களும் நன்றாகவே குணமடைகிறார்கள்.

"உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள்; பூச்சிமருந்தையும் மாத்திரை இருப்பையும் எட்டாத இடத்தில் பூட்டிவைத்து, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் கிடைக்கும்.

இரவு இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

எத்தனை மணிக்குப் படுக்கிறார்? எட்டு என்றால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. வயதோடு உறக்க நேரம் முன்னே நகர்கிறது, ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. பகலில் வெயில் படும்படி நடப்பதும், மதியத் தூக்கத்தைச் சுருக்குவதும் உதவும். கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம். விழுந்து எலும்பு முறிவதற்கும் குழப்பத்துக்கும் அது வழிவிடும்.

யாரிடம் காட்டுவது? எதை எடுத்துக்கொண்டு போவது?

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல், மருத்துவர் வ.செ. நடராசன் முயற்சியில், முதியோருக்கென்று தனிப் பிரிவு வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. வெளியூர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் பிரிவையோ மனநலப் பிரிவையோ கேட்கலாம். புறக்கணிப்பு, கொடுமை, சட்ட உதவி போன்றவற்றுக்கு முதியோர் உதவி எண் 14567.

போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சளிக்கு வாங்கியது, அரிப்புக்கு வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, நாட்டு மருந்துப் பொட்டலம், எதையும் விடாதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகளே முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியவை. மாற்றம் எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென்று வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடியையும் காது கருவியையும் அவர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். மருத்துவர் அவரைப் பார்த்துக் கேள்வி கேட்டபின், பதில் வரும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.